தோன்றா எழுவாய்: கணிப்பொறிக் கணக்குகளின் முன்னிருப்பு வரலாறு

தமிழ் இலக்கணத்தில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. பெயர் எவ்வுருபும் ஏற்காது நிற்பதே அவ்வேற்றுமைக்கு அடையாளம். 'நேற்று வந்தான்' என்னும் தொடரில் வந்தவன் பெயர் வெளிப்படவில்லை. ஆயினும் 'வந்தான்' என்னும் பயனிலை, ஆண்பால் ஒருவனைச் சுட்டிவிடுகிறது. இதனைத் தோன்றா எழுவாய் என்பர். சொல்லப்படாத இடத்திலும் பொருள் உண்டு, அவ்வாறே செய்தவனும் உண்டு என்பது தமிழ் கற்போர் தொடக்கத்திலேயே அறியும் பாடமாகும்.

இப்பாடம் கணிப்பொறித் துறையின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணைசெய்கிறது. ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் புதியவர் ஒருவருக்குக் கணக்குத் தொடங்கப்படுகிறது. அவர் தந்தது தம் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் மட்டுமே. ஆனால் அவர் முதல்முறை உள்ளே நுழையும்போது அவருடைய கோப்புகள் தங்கும் இடம், திரையில் தோன்றும் மொழி, அவர் எழுதுவதைப் பிறர் படிக்கலாமா கூடாதா என்னும் விதி ஆகிய அனைத்தும் முன்னரே முடிவுசெய்யப்பட்டுள்ளன. அவர் கேட்காமலே கிடைத்தவை இவை.

இவற்றை ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' என்பர். தமிழில் முன்னிருப்பு, இயல்பிருப்பு, இயல்புநிலை எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ஆங்கிலச் சொல், குறை அல்லது தவறுகை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறுவதையும் வழக்கு நாளில் நீதிமன்றத்துக்கு வாராதொழிவதையும் அச்சொல்லே குறிக்கும். அஃதாவது, சொல்லத் தவறியவரின் குறையை அச்சொல் முன்னிறுத்துகிறது. தமிழ்ச் சொல்லோ முன்னர் இருந்த பொருளை நோக்குகிறது. முன்னர் இருந்ததாயின் அதனை அங்கே வைத்தவர் யார்? அதனால் தீங்கு நேரின் பொறுப்பு யாருடையது? கடந்த அறுபது ஆண்டுக்கால வரலாற்றில் இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடைகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுப்பொறியும் தனிக்கணக்கும்

தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் 'கணக்கு' என்னும் கருத்தே இன்றியமையாததாக இல்லை. ஒருவர் தம் துளையட்டைக் கட்டினைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு நேரத்தில் ஒருவர் பணியே இயங்கும். ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தபின்னரே, இவர் யார், இவருடைய உடைமை எது என்னும் வினாக்கள் எழுந்தன. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'சி.டி.எஸ்.எஸ்.' என்னும் நேரப்பகிர்வு அமைப்பு, 1961 நவம்பரில் முதன்முதலாகச் செய்து காட்டப்பெற்றது. பலர் கோப்புகள் ஒரே இடத்தில் தங்கியதால் அவரவர்க்குத் தனிக் கடவுச்சொல் தரப்பெற்றது. கணிப்பொறியில் கடவுச்சொல் பயன்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்றாகும்.

அங்கே கணக்கு என்பது உரிமையை மட்டுமன்றி அளவையும் குறித்தது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு வாரம் நான்கு மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆய்வுக்கு அது போதவில்லை. 1960-களின் தொடக்கத்தில் அவர், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பினை அச்சிட்டுத் தருமாறு ஒரு துளையட்டை வழியாகப் பொறியையே பணித்தார். பொறியும் அச்சிட்டுத் தந்தது. பின்னர்ப் பிறர் கணக்குகளின் நேரத்தைக் கொண்டு தம் ஆய்வினைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதனை வெளிப்படுத்தினார்.

அதே அமைப்பில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இருவேறு கோப்புகளைத் திருத்தினர். ஒன்று, உள்ளே நுழைவோர்க்கெல்லாம் காட்டப்படும் அன்றைய அறிவிப்பு. மற்றொன்று, கடவுச்சொல் பட்டியல். திருத்துநிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டதால் இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்தோர் அனைவர்க்கும் ஊரார் கடவுச்சொற்கள் அன்றைய அறிவிப்பாகக் காட்டப்பெற்றன. 1990-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்ற கோர்பட்டோ தம் விருதுரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துரைத்துள்ளார். ஒருவருக்கு மேல் அப்பெயரை ஒரே நேரத்தில் பயன்படுத்தமாட்டார் என்று, அந்நிரலை எழுதியோர் கொண்டிருந்த சொல்லப்படாத எண்ணமே இதற்கு வேர்.

ஒரு வரியில் ஒரு மனிதர்

கணக்கின் வடிவத்தை இன்றுவரை வரையறுத்துத் தந்தது யூனிக்ஸ் அமைப்பாகும். நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் இதனைத் தொடங்கினர். 3 நவம்பர் 1971 என்னும் நாளிட்ட அதன் முதற் கையேட்டிலேயே பாஸ்வேர்டு கோப்பின் அமைப்பு விளக்கப்பட்டுள்ளது. ஒரு பயனருக்கு ஒரு வரி. அவ்வரியில் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பெற்ற ஐந்து இடங்கள்: பெயர், கடவுச்சொல், எண், தொடங்கும் அடைவு, இயங்கவேண்டிய ஷெல் நிரல்.

இவற்றுள் ஓரிடம் வெறுமையாக விடப்படின் என்ன பொருள் என்பதையும் அக்கையேடு கூறுகிறது. ஷெல் இடம் வெறுமையாயின் வழக்கமான ஷெல்லே இயங்கும். கடவுச்சொல் இடம் வெறுமையாயின் கடவுச்சொல் கேட்கப்படாது. எழுத்தில் இரண்டும் ஒரே வகை வெறுமைதான்; விளைவில் இரண்டிற்கும் நெடுந்தொலைவு. முன்னதில் நிர்வாகி எழுதத் தவறினால் பயனருக்கு ஒரு பொது வசதி கிடைக்கிறது. பின்னதில் எழுதத் தவறினால் அவர் வீட்டுக் கதவு தாழின்றி நிற்கிறது. பிற்கால முன்னிருப்புச் சிக்கல்கள் பலவற்றின் வித்து இவ்விரண்டு விதிகளுக்கு இடையில் உள்ளது எனலாம்.

பின்னர் ஐந்து இடங்கள் ஏழாயின. குழு எண் ஒன்று சேர்ந்தது. 'ஜிகாஸ்' எனப்படும் மற்றோர் இடமும் சேர்ந்தது. பெல் ஆய்வகத்தார் அச்சிடும் பணிகளை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன அமைப்பில் இயங்கிய வேறொரு பெரும்பொறிக்கு அனுப்புவதுண்டு. அப்பொறி கேட்ட அடையாளக் குறிப்பைச் சேர்த்து வைக்கவே அவ்விடம் ஏற்பட்டது. அப்பொறி மறைந்தது, இடம் மறையவில்லை. வெறுமையாகக் கிடந்த அவ்விடத்தில் பயனரின் முழுப் பெயரும் அறை எண்ணும் தொலைபேசி எண்ணும் குடியேறின. இன்றும் லினக்ஸ் அமைப்பில் புதிய கணக்கு தொடங்குவோர் அறிந்தோ அறியாமலோ இவ்விடத்தை நிரப்புகின்றனர். வழக்கிழந்த சொல்லின் விகுதி மட்டும் வேறொரு பொருளில் நிலைத்துவிடுவதை இஃது ஒக்கும்.

எலும்புக்கூடும் மறைப்பும்

தொடக்கத்தில் புதிய கணக்கை உருவாக்குவது கைவேலையாகவே இருந்தது. நிர்வாகி பாஸ்வேர்டு கோப்பில் ஒரு வரியைச் சேர்ப்பார். புதியவருக்கு ஓர் இல்ல அடைவு அமைப்பார். அதன் உரிமையை அவர் பெயருக்கு மாற்றுவார். தொடக்கக் கட்டளைகள் அடங்கிய கோப்பொன்றைத் தம்மிடமிருந்தோ பழைய பயனர் ஒருவரிடமிருந்தோ படியெடுத்து வைப்பார். ஆகவே புதியவர் பெற்ற பழக்கங்கள் அவ்விடத்து மூத்தோர் பழக்கங்களே.

இவ்வேலை பின்னர் முறைப்படுத்தப்பெற்றது. புதியவர்க்கெல்லாம் தரவேண்டிய கோப்புகள் 'ஸ்கெல்' என்னும் அடைவில் வைக்கப்பெற்றன. எலும்புக்கூடு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. 'யூசர்ஆட்' போன்ற கட்டளை கணக்கைத் தொடங்கும்போது அவ்வடைவிலுள்ளவற்றைப் புதியவரின் இல்லத்தில் படியெடுத்து வைக்கும். இக்கோப்புகளின் பெயர்கள் பெரும்பாலும் புள்ளியில் தொடங்குவன. பட்டியலிடும் கட்டளைக்கு அவை தென்படா. இவ்வழக்கம் திட்டமிட்டு வந்ததன்று. நடப்பு அடைவையும் மேலடைவையும் குறிக்கும் புள்ளிகளைப் பட்டியலில் காட்டாதிருக்க, பெயரின் முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்குவழி ஒன்று நிரலில் எழுதப்பெற்றது. அதன் பக்கவிளைவாகவே மறைகோப்புகள் தோன்றின என்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதினார்.

ஸ்கெல் அடைவில் கருதத்தக்க இயல்பொன்று உண்டு. படியெடுத்தல் ஒருமுறையே நிகழும். நிர்வாகி நாளை அவ்வடைவைத் திருத்தினால், நாளை மறுநாள் வருபவருக்கே அத்திருத்தம் கிட்டும். நேற்று வந்தவர் பழையதையே வைத்திருப்பார். 2019-இல் ஆப்பிள் நிறுவனம் தன் 'கேட்டலீனா' பதிப்பில் வழக்கமான ஷெல்லை 'பாஷ்' என்பதிலிருந்து 'இசட்ஷெல்' என மாற்றியது. அம்மாற்றம் புதிய கணக்குகளுக்கே உரியதாயிற்று. பழைய கணக்குகள் பாஷ் ஷெல்லிலேயே தொடர்ந்தன. எனவே பல்லாண்டு இயங்கும் அமைப்பொன்றின் இல்ல அடைவுகளை வரிசையாகப் பார்ப்பவர், அந்நிறுவனத்தின் எண்ணங்கள் எவ்வெக்காலத்தில் எவ்வாறு இருந்தன என்பதைக் கல்வெட்டில் காண்பதுபோல் காணலாம்.

மற்றொரு முன்னிருப்பு, 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தோன்றிய 'யூமாஸ்க்' என்னும் மறைப்பு எண். படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று அனுமதிகள் முறையே 4, 2, 1 என எண்ணப்படும். உரிமையாளர், குழுவினர், பிறர் என்னும் மூவர்க்கும் மூன்று இலக்கங்கள். மறைப்பு எண் 022 எனின், குழுவினரும் பிறரும் எழுதும் அனுமதி நீக்கப்படும். ஆனால் அனைவரும் படிக்கலாம். 027 எனின் குழுவினர் படிக்கலாம். பிறர்க்கு ஒன்றும் இல்லை. 077 எனின் உரிமையாளர் ஒருவரே அனைத்துக்கும் உரியவர். யூனிக்ஸ் அமைப்புகளில் நெடுங்காலம் பரவலாக வழங்கியது 022. புதியவர் ஒருவர் எழுதும் மடலோ கவிதையோ தேர்வு வினாத்தாளோ, அவர் வேறொன்றும் சொல்லாவிடின், அப்பொறியிலுள்ள அனைவரும் படிக்கத்தக்கதாக இருந்தது.

திறந்த கதவின் அறம்

இதனைக் கவனக்குறைவு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. திறந்திருத்தலை ஓர் அறமாகவே கொண்டோர் அக்காலத்தில் இருந்தனர். மாசச்சூசெட்ஸ் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தார் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய 'ஐ.டி.எஸ்.' அமைப்பில் கடவுச்சொல் இல்லை. எவரும் எக்கோப்பையும் படிக்கலாம், திருத்தலாம். பொறியை நிலைகுலையச் செய்யும் கட்டளையைக்கூட எவரும் இடலாம். தடையே இல்லாத இடத்தில் தடையை உடைப்பதில் பெருமை இல்லை என்பது அவர்கள் கருத்து.

அக்கழகத்தின் மற்றொரு கணிப்பொறியில் பின்னர்க் கடவுச்சொல் முறை புகுத்தப்பெற்றபோது, ரிச்சர்டு ஸ்டால்மன் அதனை எதிர்த்தார். அவர் பயனர்களின் கடவுச்சொற்களைக் கண்டறிந்து, ஒவ்வொருவருக்கும் அவர் சொல்லைக் குறிப்பிட்டே செய்தி அனுப்பினார். கடவுச்சொல்லை வெறுமையாக வைத்துக்கொள்ளுமாறு அச்செய்தி வேண்டியது. ஐந்தில் ஒரு பங்கினர் அவ்வாறே செய்தனர் என்று ஸ்டீவன் லெவி 1984-இல் வெளியிட்ட நூல் குறிப்பிடுகிறது.

யூனிக்ஸ் பரவிய பல்கலைக்கழகங்களிலும் இதன் மென்மையான வடிவம் ஒன்று நிலவியது. மாணவர் மூத்தோரின் அடைவுகளில் புகுந்து அவர்கள் எழுதிய நிரல்களைப் படித்தும், தொடக்கக் கோப்புகளைப் படியெடுத்தும் கற்றனர். 022 என்னும் மறைப்பு எண் அக்கல்விக்குத் துணைநின்றது. அறிந்தவர் சிலரே கூடி வாழும் சிற்றூரில் கதவைத் தாழிடாதிருத்தல் பண்பாடாகும். ஆனால் அச்சிற்றூர் மக்களுக்கு ஏற்ற வழக்கம், அவர்கள் உருவாக்கிய மென்பொருளோடு சேர்ந்து முன்பின் அறியாதோர் வாழும் பெருநகரங்களுக்கும் சென்றது. அங்கே அதனைப் பெற்றவர்கள், அதன் பின்னணியில் இருந்த நம்பிக்கையைப் பெறவில்லை. வழக்கத்தை மட்டுமே பெற்றனர்.

விலை கொடுத்தவர்கள்

தீங்கு வரக்கூடும் என்பதை உருவாக்கியோரே முதலில் உணர்ந்தனர். ராபர்ட் மாரிசும் கென் தாம்ப்சனும் 1979-இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 15 ஒரே ஒரு எழுத்துக்குறியால் ஆனவை. 72 இரண்டால் ஆனவை. 464 மூன்றால் ஆனவை. மிகக் குறுகியவையும் அகராதி முதலிய பட்டியல்களில் காணத்தக்கவையும் சேர்ந்து 2,831 ஆயின. இது 86 விழுக்காடு. பயனரை அவர் விருப்பத்துக்கு விட்டால் அவர் எளியதையே தேர்வார் என்பது இதனால் எண்களில் நிறுவப்பெற்றது.

1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் வேறுபாடு கண்ட கிளிஃப்பர்டு ஸ்டோல், அதன் தடத்தைத் தொடர்ந்து சென்றார். முடிவில், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஒருவர் அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளுக்குள் நுழைந்துவந்தது தெரிந்தது. அவர் ஏறத்தாழ 450 பொறிகளில் முயன்று முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் வெற்றி கண்டார். அவர் கையாண்ட வழிகளுள் எளியது, விற்பனைக்கு வரும்போதே பொறியில் அமைந்திருந்த கணக்குகளில் அவற்றுக்குரிய வழக்கமான கடவுச்சொல்லை இட்டுப் பார்ப்பதாகும். 'வாக்ஸ்' வகைப் பொறிகளில் 'சிஸ்டம்' என்னும் கணக்குக்கு 'மேனேஜர்' என்பதும், 'ஃபீல்டு' என்பதற்கு 'சர்வீஸ்' என்பதும் அத்தகையன. கையேட்டைப் படித்தவர் யாவரும் அறிந்த இச்சொற்களை மாற்றவேண்டியது வாங்கியவர் கடமை எனக் கருதப்பட்டது. வாங்கியோர் பலர் மாற்றவில்லை.

1988 நவம்பர் 2-ஆம் நாள் இணையத்தில் ஒரு 'புழு' நிரல் பரவியது. அதனை எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1979-ஆம் ஆண்டுக் கட்டுரை எழுதிய மாரிசின் மகன். அப்புழு நுழைந்த வழிகளுள் ஒன்று கடவுச்சொல்லை ஊகித்தல். முதலில் வெறுமையை முயன்றது. பின்னர்ப் பயனர் பெயரை, அப்பெயரை இருமுறை அடுக்கி, அப்பெயரைத் தலைகீழாக்கி முயன்றது. பயனரின் இயற்பெயரையும் முயன்றது. இயற்பெயர் அதற்குக் கிடைத்த இடம் ஜிகாஸ் என்னும் அப்பழைய இடமே. மறைந்துபோன ஓர் அச்சுப்பொறி வசதிக்காக ஏற்பட்டு, பயனற்றுக் கிடந்து, முன்னிருப்பாக நிரப்பப்பெற்ற குறிப்பு, இருபதாண்டு கழியுமுன் திருடனுக்குத் திறவுகோலாயிற்று. இதனை எழுதி வைத்த நிர்வாகிகள் எவரும் தவறிழைத்தவரல்லர். கேட்ட இடத்தை நிரப்பினர், அவ்வளவே.

இக்காலத்தை ஒட்டி விற்பனைக்கு வந்த சன் நிறுவனப் பொறிகளில், நம்பத்தக்க பிற பொறிகளின் பெயர்களை எழுதும் கோப்பில் ஒரே ஒரு கூட்டல் குறி மட்டும் இருந்தது. உலகிலுள்ள எப்பொறியும் நம்பத்தக்கதே என்பது அதன் பொருள். நிர்வாகி அதனை நீக்காவிடின் அந்நம்பிக்கை அவருடையதாகவே கொள்ளப்பட்டது.

மறுத்தலே முன்னிருப்பாதல்

இவ்வனைத்துக்கும் உரிய மறுமொழி முன்னரே எழுதப்பட்டிருந்தது. ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் பாதுகாப்புக்கான எட்டு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்று, அனுமதி இல்லாமையே முன்னிருப்பாக இருத்தல் வேண்டும் என்பது. அவர்கள் கூறும் காரணம் எண்ணத்தக்கது. வெளிப்படையாகத் தந்தால் மட்டுமே அனுமதி உண்டு என்னும் அமைப்பில் பிழை நேர்ந்தால், உரியவர்க்கும் அனுமதி மறுக்கப்படும், அவர் உடனே முறையிடுவார், பிழை வெளிப்படும். வெளிப்படையாக மறுத்தால் மட்டுமே தடை என்னும் அமைப்பில் பிழை நேர்ந்தால், உரிமையில்லாதவர்க்கும் வழி திறக்கும், அவர் முறையிடமாட்டார், பிழை மறைந்தே கிடக்கும். முறையீடு எங்கிருந்து எழும் என்பதைக் கொண்டு முன்னிருப்பை அமைக்கவேண்டும் என்பதே இதன் சாரம்.

இந்நெறி நடைமுறைக்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. 1980-களின் இறுதியில், மறையாக்கம் பெற்ற கடவுச்சொற்களை அனைவரும் படிக்கும் கோப்பிலிருந்து நீக்கி நிர்வாகி மட்டும் படிக்கும் 'ஷேடோ' கோப்பில் வைக்கும் முறை பரவத் தொடங்கியது. ரெட் ஹாட் லினக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு தனிக்குழுவை அமைத்தது. வேறு ஒருவரும் இல்லாத குழு அது. குழுவுக்குத் தரும் அனுமதி அதனால் ஊர் முழுவதும் செல்லாதாயிற்று.

மைக்ரோசாஃப்டின் 'விண்டோஸ் எக்ஸ்பி' 2001-இல் வெளிவந்தபோது, நிறுவும் வேளையில் தொடங்கப்பெறும் கணக்குகள் யாவும் நிர்வாகி உரிமை பெற்றன, கடவுச்சொல்லும் இல்லை. ஆயினும் கடவுச்சொல் இல்லாத கணக்கை வலையமைப்பு வழியே பயன்படுத்த இயலாது, பொறியின் முன் அமர்ந்தே பயன்படுத்தலாம் என்னும் விதியும் உடன் வைக்கப்பெற்றது. இல்லத்தாரின் வசதியையும் வெளியாரின் அச்சுறுத்தலையும் பிரித்து நோக்கிய நல்ல முயற்சி அது. எனினும் நிர்வாகி உரிமையுடன் அன்றாடப் பணி செய்தவர் அறியாது திறந்த தீய நிரலும் அதே உரிமையைப் பெற்றது. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த 'விஸ்டா' பதிப்பு, ஒவ்வொரு முறையும் இசைவு கேட்கும் முறையைக் கொணர்ந்தது. 2004-இல் முதற்பதிப்பைக் கண்ட உபுண்டு, முழு உரிமையுடைய 'ரூட்' கணக்கைப் பூட்டியே வைத்தது. ஆனால் பயனரின் இல்ல அடைவுக்குள் பிறர் நோக்கலாம் என்னும் பழைய வழக்கத்தை அதுவும் 2021 ஏப்ரலில் வெளிவந்த 21.04 பதிப்பில்தான் கைவிட்டது.

2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல், கண்காணிப்புக் கேமரா, இணைய வழிப்படுத்தி போன்ற கருவிகளுள் புகுந்தது. ஏறத்தாழ அறுபது முன்னிருப்புப் பெயர்–கடவுச்சொல் இணைகளைக் கொண்ட பட்டியலே அதன் படைக்கலம். அவ்வாண்டு அக்டோபர் 21-இல் அக்கருவிகளின் கூட்டம் 'டின்' என்னும் நிறுவனத்தின் இணையப் பெயர்ச் சேவையைத் தாக்கியதால், புகழ்பெற்ற தளங்கள் பலவற்றைப் பலர் அணுக இயலவில்லை. 1986-இல் ஹனோவர் மனிதர் செய்ததும் முப்பது ஆண்டு கழித்து மிராய் செய்ததும் அடிப்படையில் ஒன்றே.

இதன்பின்னரே சட்டம் தலையிட்டது. கலிபோர்னியாவில் 2020 சனவரி 1 முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் பொறிதோறும் வேறுபட்ட கடவுச்சொல் அமைத்தலோ, முதற்பயன்பாட்டிலேயே புதியதை அமைக்கச் செய்தலோ வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான முன்னிருப்புக் கடவுச்சொல்லை நுகர்வோர் பொருள்களில் வைத்தல் தடைசெய்யப்பெற்றது. மாற்றத் தவறியவர் குற்றவாளி என்னும் நிலை மாறி, அவ்வாறு வைத்து விற்றவரே பொறுப்பாளி என்னும் நிலை இதனால் உருவாயிற்று.

தமிழ் எழுதுவோர் கணக்கு

பாதுகாப்பு ஒன்றே முன்னிருப்பின் பொருளன்று. மொழியும் அதில் அடங்கும். பழைய யூனிக்ஸ் அமைப்பில் பயனர் பெயர் எட்டு எழுத்துக்குறிகளுக்கு மிகாமல் அமைந்தது. இன்று அவ்வெல்லை தளர்ந்தபோதும், லினக்ஸ் அமைப்புகளின் வழக்கமான விதி, பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்குவதையே வேண்டுகிறது. தமிழர் ஒருவர் தம் பெயரைத் தமிழில் எழுத இயலும் இடம், அவ்வரியில் ஜிகாஸ் என்னும் இடமே.

மொழி, எழுத்து, அகரவரிசை ஆகியவற்றைக் குறிக்கும் அமைப்பு எதனையும் நிர்வாகி சொல்லாதபோது யூனிக்ஸ் வகை அமைப்புகள் 'சி' என்னும் முன்னிருப்பைக் கொள்ளும். அது சொற்களை எழுத்துகளின் குறியெண் வரிசையில் அடுக்கும். 1991-இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலிருந்தே தமிழ் இடம்பெற்றுள்ளது. ஆனால் அக்குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே நிற்கிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது மெய்களின் இறுதியில் நிற்பது. ஆகவே கவிதைத் தொகுப்பொன்றுக்கு முதற்குறிப்பு அகராதி தொகுப்பவர், தம் கணக்கின் மொழியமைப்பை மாற்றாது வரிசைப்படுத்தினால், 'மனம்' முன்னும் 'மயில்' பின்னும் வரும். தமிழ் அகராதி மரபில் மயிலே முந்தும். நூல் அச்சாகிவரும், பிழை தொகுத்தவர் மேல் ஏற்றப்படும். அவர் செய்ததெல்லாம் ஒன்றைச் சொல்லாமல் விட்டதே. கணக்கின் மொழியமைப்பைத் தமிழ் எனக் குறித்துவைக்கும் ஒரு வரி, புதியவர்க்கான தொடக்கக் கோப்பில் முன்னரே இருந்திருப்பின், அவர் அறியாமலே வரிசை நேராகியிருக்கும்.

நிறைவாக

மேற்கண்ட வரலாற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. முன்னிருப்புகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. ஒரு காலத்தில் ஒரு கூட்டத்தார் தம்முள் கொண்டிருந்த நம்பிக்கையின் பதிவுகள். அக்கூட்டம் கலைந்தபின்னும் அவை நீடிக்கின்றன. அவற்றை மாற்றும் ஆற்றல் அனைவர்க்கும் தரப்பட்டிருந்தும், மாற்றியவர் சிலரே. எனவே மாற்றலாம் என்னும் உரிமை, முன்னர் வைத்தவரின் பொறுப்பை நீக்கிவிடுவதில்லை.

இறுக அடைத்தலே என்றும் நன்று என்பதும் இவ்வரலாறு கூறும் முடிபன்று. 077 என்னும் மறைப்பு எண்ணோடு வளர்ந்த மாணவர், மூத்தோர் அடைவில் உலவிக் கற்ற கல்வியை இழக்கிறார். அவருக்கு அக்கல்வி வேறு வழியில் கிடைக்கச் செய்தல் அடைத்தவரின் கடனாகிறது. ஒரு பள்ளிக்கும் ஒரு மருத்துவமனைக்கும் ஒரே எலும்புக்கூடு பொருந்தாது. அங்கு வருவோர் யார், அவர்கள் எதனைச் சொல்லாமல் விடுவர், விட்டால் யார் துன்புறுவர் என்று எண்ணிய பின்னரே ஸ்கெல் அடைவில் ஒரு கோப்பினை வைத்தல் தகும்.

புதியவர் நுழைகிறார். அவர் கோப்பை அறிமுகமில்லாத ஒருவர் படிக்கிறார். 'படிக்க விடப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் குறிப்பெழுதி முடித்துவிடுதல் அலுவலக வழக்கம். விட்டவர் யார் என்று வினவி, மறைந்து நிற்கும் எழுவாயை வருவித்துக் காண்பது இலக்கணம் பயின்றோர்க்கு அரிதன்று. அவ்வாறு காணுமிடத்து அங்கே நிற்பவர், பெரும்பாலும், புதியவர் அல்லர்.